ஜன்னலோரக் கேஸ் அடுப்பு: எந்தத் தொந்தரவுக்கு எது காரணம், எப்படிச் சரிசெய்வது

எட்டடிக்கு ஆறடி சமையலறை. ஒரு பக்கம் கடப்பா கல் மேடை, மேடைக்கு நடுவில் ஜன்னல், ஜன்னலுக்கு நேர் கீழே கேஸ் அடுப்பு. நான் குடியிருந்த வாடகை வீடுகளில் பெரும்பாலும் இதே அமைப்புதான். வெளிச்சம் வேண்டும் என்று கட்டியவர் அங்கே ஜன்னல் வைத்தார். அக்னி மூலையில் கிழக்கு பார்த்துச் சமைக்க வேண்டும் என்று வாஸ்து பார்த்தவர் சொன்னார். புகை வெளியே போகட்டும் என்று குடிவந்தவர் அடுப்பை ஜன்னலுக்கு நேராகவே வைத்தார். ஒவ்வொருவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. எல்லாம் ஒரே இடத்தில் சேரும்போதுதான் சுடர் அணைகிறது, கைப்பிடி கருகுகிறது, கொசுவலை உருகுகிறது.

உடனே எல்லோரும் செய்வது ஜன்னலைச் சாத்துவது. அதை மட்டும் செய்யாதீர்கள். அடுப்புக்கும் காற்று வேண்டும், சமைப்பவருக்கும் காற்று வேண்டும். அந்தக் காற்று சுடர்மேல் நேராக வீசக் கூடாது, அவ்வளவுதான். நகர வேண்டியது அடுப்பு. ஜன்னல் திறந்தே இருக்கட்டும்.

கீழே உங்கள் வீட்டுத் தொந்தரவு எதுவோ அதை மட்டும் படித்தாலும் போதும். முதல் பகுதியை மட்டும் எல்லோரும் படித்துவிடுங்கள்.

கேஸ் வாசனை அடிக்கிறது

அடுப்புத் திருகுகளை மூடுங்கள். ரெகுலேட்டரை ஆஃப் செய்யுங்கள். பக்கத்தில் சாமி விளக்கோ ஊதுபத்தியோ எரிந்தால் அணையுங்கள். ஜன்னல், கதவு எல்லாவற்றையும் திறந்து வையுங்கள். எந்த ஸ்விட்சையும் தொட வேண்டாம். வாசனையை வெளியேற்றலாம் என்று எக்ஸாஸ்ட் ஃபேனைப் போடக் கூடாது. எரிகிற லைட்டை அணைக்கவும் கூடாது. ஸ்விட்சுக்குள் விழும் சின்னப் பொறி போதும். ரெகுலேட்டரை மூடிய பிறகும் சிலிண்டர் வாயில் சீறல் கேட்டால், ரெகுலேட்டரைக் கழற்றிவிட்டு, சிலிண்டரோடு வந்த பிளாஸ்டிக் மூடியை அழுத்திப் போடுங்கள். எல்லோரையும் கூட்டிக்கொண்டு வெளியே வந்த பிறகு போனை எடுங்கள். கேஸ் கசிவுக்கான அவசர எண் 1906, எந்நேரமும் கூப்பிடலாம்.

ஜன்னலோரம் அடுப்பு வைத்திருப்பவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். “ஜன்னல் திறந்துதானே இருக்கிறது, கேஸ் போய்விடும்” என்று நம்பி இருந்துவிடக் கூடாது. சமையல் கேஸ் காற்றைவிட ஒன்றரை முதல் இரண்டு மடங்கு கனம். அது மேலே எழும்பாது, தரையில் படிந்து தண்ணீர் மாதிரி பரவும். ஜன்னலின் அடிச்சட்டமோ தரையிலிருந்து மூன்று நான்கு அடி உயரத்தில் இருக்கிறது. அதனால் தரையில் படிந்த கேஸுக்கு ஜன்னலைவிட வாசல்தான் வழி. பின்கட்டுக் கதவோ பால்கனிக் கதவோ இருந்தால் அதைத்தான் முதலில் அகலத் திறக்க வேண்டும். மேடைக்குக் கீழே கதவு போட்டு அதற்குள் சிலிண்டரை அடைத்து வைத்திருந்தால், அந்தக் கதவின் அடிப்பகுதியில், தரையை ஒட்டி, காற்றோட்டத்துக்கு இடைவெளியோ ஓட்டைகளோ இருக்க வேண்டும். மேலே ஓட்டை போட்டுப் பயனில்லை. காற்றில் சுமார் 2 சதவீதம் கேஸ் கலந்தாலே பற்றிக்கொள்ளும்.

சிம்மில் வைத்தால் அணைந்துவிடுகிறது

ஜன்னலோர அடுப்பில் அடிக்கடி வருவதும் ஆபத்தானதும் இதுதான். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

கோயம்புத்தூர்ப் பக்கம் ஒரு வீட்டில் இருந்தோம். ஆடி மாதம். பால் பொங்கிவிடுமே என்று சிம்மில் வைத்துவிட்டு, துணி காயப்போட மாடிக்குப் போனேன். திரும்பி வந்து பார்த்தால் பாலின் மேல் ஆடை அசையாமல் கிடக்கிறது. ஓரத்தில் ஒரு குமிழிகூட இல்லை. இவ்வளவு நேரத்தில் பொங்கியிருக்க வேண்டுமே என்று குனிந்தேன். அழுகிய முட்டை மாதிரி வாடை முழங்காலுக்குக் கீழிருந்து எழுந்து வந்தது. திருகு சிம்மிலேயே இருந்தது. சுடர் மட்டும் இல்லை. நிமிர்ந்து நின்றபோது மூக்குக்குத் தெரியாத வாசனை, குனிந்தபோது தெரிந்தது. அன்றைக்கு நான் லைட்டரைக் கையில் எடுக்காதது எங்கள் குடும்பத்தின் நல்ல காலம்.

நாம் பயன்படுத்தும் சாதாரண அடுப்புகளில் பலவற்றில், சுடர் அணைந்தால் கேஸைத் தானாக நிறுத்தும் வசதி கிடையாது. திருகு திறந்திருக்கும் வரை கேஸ் வந்துகொண்டே இருக்கும். பெரிய தீயைக் காற்று லேசில் அணைக்காது. சிம்மில் இருக்கும் சின்னச் சுடருக்கு ஒரு வீச்சு போதும். நாம் சிம்மில் வைப்பதே பக்கத்தில் நிற்காமல் வேறு வேலை பார்ப்பதற்குத்தானே! ஆகவே சுடர் அணைவதும் ஆள் இல்லாததும் ஒரே நேரத்தில் நடக்கிறது.

சரி, உங்கள் வீட்டில் அணைப்பது காற்றுதானா? ஜன்னலைச் சோதனைக்காக மட்டும் இரண்டு நிமிடம் சாத்திவிட்டு, சிம்மில் வைத்துப் பக்கத்திலேயே நின்று பாருங்கள். இப்போது நிற்காமல் எரிந்தால் குற்றவாளி காற்று. ஜன்னலைச் சாத்தியும் அணைந்தால் கோளாறு அடுப்பில்: சிம் துளையில் அழுக்கு, அல்லது சிம் அளவை மிகவும் குறைத்து வைத்திருக்கிறார்கள். அதை மெக்கானிக் பார்க்கட்டும். இன்னொரு அடையாளமும் உண்டு. ஜன்னல் பக்கத்துப் பர்னர் மட்டும் அணைந்தால் காற்று. இரண்டு பர்னரும் சேர்ந்து மங்கினால் சிலிண்டர் தீரப்போகிறது, அல்லது டியூப் எங்கோ மடங்கியிருக்கிறது, அல்லது ரெகுலேட்டரில் பிரச்சினை.

காற்று எங்கிருந்து வந்து எங்கே போகிறது என்று பார்க்க ஊதுபத்தி போதும். (வாசனை எதுவும் இல்லை, எல்லாத் திருகும் மூடியிருக்கிறது என்று உறுதிசெய்துவிட்டு ஏற்றுங்கள்.) ஜன்னலை வழக்கம்போலத் திறந்து வைத்து, ஊதுபத்தியைப் பர்னர் உயரத்தில் பிடியுங்கள். புகை நேராக எழும்பினால் அந்த இடம் அடுப்புக்கு நல்ல இடம். படுத்து ஓடினால் அங்கே அடுப்பு கூடாது. அப்படியே மேடை நெடுகப் பிடித்துக்கொண்டு போங்கள். ஜன்னலுக்கு நேரே படுத்து ஓடும் புகை, ஓரடி ஒன்றரை அடி தள்ளி, சுவர் மறைவுக்கு வந்ததும் சட்டென்று நிமிர்வதைப் பார்க்கலாம். அடுப்பு போக வேண்டிய இடம் அதுதான்.

ஒரு வேளை பார்த்தால் போதாது. சென்னையில் காலையில் இலை அசையாது, மத்தியானம் கடற்காற்று கிளம்பியதும் கிழக்கு ஜன்னல் படபடக்கும். பாலக்காட்டுக் கணவாய்க்கு எதிரே இருக்கும் கோவை, உடுமலை பக்கமும், தென்காசி, ஆரல்வாய்மொழி பக்கமும் ஆனியிலிருந்து ஆவணி வரை மேற்கிலிருந்து அடிக்கிற காற்று வேறு ரகம். சமைக்கிற வேளைகளில் பாருங்கள், காலம் மாறும்போது மறுபடியும் பாருங்கள்.

நான் வைத்திருக்கும் கணக்கு இது: ஜன்னலின் பக்கச்சட்டத்துக்கும் பர்னரின் விளிம்புக்கும் இடையே குறைந்தது ஓரடி. காற்று பலமான ஊரென்றால் இரண்டடி. கிழக்கு பார்த்துத்தான் சமைக்க வேண்டும் என்று வீட்டுப் பெரியவர்கள் சொன்னால் அதில் ஒரு சங்கடமும் இல்லை. அதே மேடையில், அதே சுவரோரமாக, ஜன்னலை விட்டு இடமோ வலமோ தள்ளி வையுங்கள். முகம் கிழக்கேதான் இருக்கும்.

மேடை சின்னது, தள்ள இடமே இல்லை என்றால் ஜன்னலில் வேலை செய்யலாம். நகரும் கதவு ஜன்னலாக இருந்தால் அடுப்புப் பக்கத்துக் கண்ணாடியைச் சாத்தி, மறுபக்கத்தைத் திறந்து வையுங்கள். இரட்டைக் கதவு ஜன்னலிலும் இதேதான். ஜன்னலின் கீழ்ப்பாதியில் மட்டும் ஓரடி உயரத்துக்கு ஒரு ஸ்டீல் தகடோ நிலையான கண்ணாடியோ பொருத்தினால் காற்று அதன்மேல் ஏறி உள்ளே வரும், சுடரைத் தொடாது. ஆனால் பர்னரைச் சுற்றி வளையமாக வைக்கும் தகரத் தடுப்பை வாங்காதீர்கள். எரிவதற்குப் பக்கவாட்டிலிருந்து வர வேண்டிய காற்றை அது தடுத்துவிடும். சூட்டையும் அடுப்புப் பலகைமேலும் திருகுகள்மேலும் திருப்பிவிடும். தடுப்பு ஜன்னல் பக்கம் மட்டும், அடுப்பை ஒட்டாமல் இருக்க வேண்டும்.

புது அடுப்பு வாங்கும் எண்ணம் இருந்தால் “தீ அணைந்தால் கேஸ் தானாக நிற்குமா” என்று கடையில் கேட்டு வாங்குங்கள். பர்னர் ஓரத்தில் சுடரில் படுகிற மாதிரி ஒரு சின்ன உலோகக் குச்சி நீட்டிக்கொண்டிருக்கும். சுடர் அணைந்து குச்சி ஆறியதும் வால்வு மூடிக்கொள்ளும். சில நொடிகள் பிடிக்கும், அதற்குள் வரும் கேஸ் கொஞ்சம்தான். ஜன்னலோரம் அடுப்பு வைப்பதைத் தவிர வழியே இல்லாத வீட்டுக்கு இந்தச் செலவு அவசியம் என்றே சொல்வேன்.

சுடர் சாய்கிறது, குக்கர் கைப்பிடி கருகுகிறது

அணையாவிட்டாலும் காற்று தன் வேலையைச் செய்துகொண்டுதான் இருக்கும். பாத்திரத்தின் அடியில் பட வேண்டிய சுடர், பக்கவாட்டில் ஏறி நக்குகிறது. சாதம் ஒரு பக்கம் குழைந்து மறுபக்கம் அரை வேக்காடாக இருக்கும். தோசைக்கல்லில் ஒரு ஓரம் கருகும், எதிர் ஓரம் வெள்ளையாக இருக்கும். குக்கரின் கறுப்புக் கைப்பிடியைத் தொட்டுப் பாருங்கள். காற்று சுடரைச் சாய்க்கும் பக்கத்தில் பளபளப்பு போய், சாம்பல் நிறத்தில் பொரிந்து, நகத்தால் சுரண்டினால் துகள் உதிரும். அந்தக் கைப்பிடி ஒருநாள் குக்கரைத் தூக்கும்போது திருகோடு கழன்று வரலாம். உடனே மாற்றிவிடுங்கள்.

அடுப்பை நகர்த்தும் வரைக்கும் கைப்பிடியை ஜன்னல் இருக்கும் பக்கமாகத் திருப்பி வையுங்கள். சுடர் அதற்கு எதிர்ப்பக்கம்தான் சாயும். தீயைக் குறைத்து, பாத்திரத்தின் அடிக்குள் அடங்கும்படி வையுங்கள். சுடர் நம் பக்கம் சாய்கிறது என்றால் திருகுகளும் சூடாகும், நைட்டி, புடவை முன்புறமும் அதற்கு எட்டும். அப்படிப்பட்ட ஜன்னலுக்கு முன்னால் ஒரு நாள்கூடச் சமைக்க வேண்டாம். அந்தப் பக்கக் கதவைச் சாத்தி எதிர்ப்பக்கத்தைத் திறங்கள்.

மஞ்சளாக எரிகிறது, பாத்திரத்தில் கரி பிடிக்கிறது

இதற்குக் காற்று அதிகமானது காரணமில்லை. காற்று போதவில்லை என்பதுதான் காரணம். சுடர் அணைகிறதே என்று ஜன்னலைச் சாத்திய வீடுகளில் அடுத்து வரும் தொந்தரவு இதுவாக இருப்பதைப் பார்த்திருக்கிறேன்.

பர்னர் மூடியை ஆறிய பிறகு கழற்றி, சோப்பு நீரில் ஊறவைத்துத் தேய்த்து, துளைகளை ஊசியால் குத்தி எடுத்து, நன்றாகக் காயவைத்துப் போடுங்கள். ஈரத்தோடு போட்டால் சுடர் படபடக்கும். அடியில் இருக்கும் சின்னப் பித்தளை ஜெட்டில் மட்டும் ஊசியை விடாதீர்கள். அந்தத் துளை கொஞ்சம் பெரிதானாலும் கேஸ் அதிகமாக வந்து மஞ்சள் சுடர் நிரந்தரமாகிவிடும். காற்று இழுக்கும் குழாய் வாயில் எட்டுக்கால் பூச்சிக் கூடு, ஒட்டடை, எண்ணெய்ப் பிசுக்கு ஏதாவது அடைத்திருக்கும். அதையும் ஜெட்டையும் மெக்கானிக் பார்ப்பது நல்லது. உப்பு நீர் பொங்கி விழும்போதும், பக்கத்தில் மாவு சலிக்கும்போதும் ஆரஞ்சு நிறம் எட்டிப் பார்த்துப் போகும். அதற்குப் பயப்பட வேண்டாம்.

சமைக்கும்போது தலை கனக்கிறது, குமட்டுகிறது

சமையலறையில் நின்றால் தலைவலி, வெளியே வந்தால் சரியாகிவிடுகிறது. வெயில், களைப்பு என்று நாமே காரணம் சொல்லிக்கொள்வோம். ஜன்னல் சாத்தியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். காற்று போதாமல் கேஸ் எரிந்தால் கார்பன் மோனாக்சைடு உண்டாகும். கேஸ் கசிந்தால் மூக்குக்குத் தெரிவதற்காகவே அதில் துர்நாற்றம் சேர்க்கிறார்கள். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையும் இல்லை, நிறமும் இல்லை. அதனால்தான் இதற்கு நான் அதிகம் பயப்படுகிறேன்.

தலைச்சுற்றல், குமட்டல் வந்தால் அடுப்பை அணைத்துவிட்டு வெளிக்காற்றுக்கு வாருங்கள். தெளியவில்லை என்றால், அல்லது வீட்டில் இன்னொருவருக்கும் அதே மாதிரி இருந்தால், தாமதிக்காமல் மருத்துவமனைக்குப் போங்கள். மஞ்சள் சுடரும் தலைவலியும் சேர்ந்து வந்தால், மெக்கானிக் வந்து பார்க்கும் வரை அந்த அடுப்பைப் பற்றவைக்க வேண்டாம். மழையோ குளிரோ, சமைக்கும்போது ஜன்னலில் ஒரு கை அகலமாவது திறந்திருக்க வேண்டும்.

எக்ஸாஸ்ட் ஃபேன் ஓடியும் புகை போகவில்லை

ஃபேன் ஜன்னலின் மேல்பகுதியிலேயே பொருத்தியிருக்கிறதா? கீழே அதே ஜன்னல் திறந்திருக்கிறதா? அப்படியென்றால் ஃபேன் கீழ் ஜன்னல் வழியாக வரும் வெளிக்காற்றையே இழுத்து வெளியே தள்ளிக்கொண்டிருக்கிறது. தாளிப்புப் புகை அதன் பக்கம் போகவே இல்லை. சோதனைக்கு அல்லாமல் ஜன்னலை முழுக்கச் சாத்தலாம் என்று நான் சொல்லும் ஒரே இடம் இதுதான், அதுவும் ஃபேன் ஓடும்போது மட்டும். ஃபேனுக்குக் கீழே இருக்கும் கதவைச் சாத்தி, சமையலறை வாசலையும் கூடத்து ஜன்னலையும் திறந்து விடுங்கள். காற்று வீட்டுக்குள்ளிருந்து வந்து, அடுப்பைத் தாண்டி, புகையோடு வெளியேறும். கரண்ட் போனால் மறக்காமல் ஜன்னலைத் திறங்கள்.

சிம்னி வைத்திருக்கும் வீட்டில் ஜன்னல் காற்று குறுக்கே அடித்தால், புகை சிம்னியை எட்டுவதற்கு முன்பே கூடத்துக்குப் போய்விடும். சிம்னி அடுப்புக்கு மேலே 26 முதல் 30 அங்குலத்துக்குள் இருக்கிறதா என்று ஒருமுறை அளந்து பாருங்கள்.

திரையில் கருகல், கொசுவலையில் ஓட்டை, கொண்டி எட்டவில்லை

அடுப்புக்கு மேலே இருக்கும் ஜன்னலுக்குத் துணித்திரை வேண்டவே வேண்டாம். பக்கத்து வீட்டுப் பார்வை படுகிறது என்றால் கண்ணாடிக்கு மறைவுத்தாள் ஒட்டிக்கொள்ளலாம். நைலான் கொசுவலை சூட்டில் உருகும். தாளிப்பின் எண்ணெய்ப் பிசுக்கு அதில் படிந்து படிந்து, பிறகு எளிதில் தீப்பிடிக்கும். அடுப்புப் பக்கத்தில் கம்பி வலை போட்டு மாதம் ஒருமுறை கழுவுங்கள். ஜன்னல் கம்பியில் பிடிதுணி தொங்கவிடும் பழக்கம் நம் எல்லோருக்கும் உண்டு. காற்று வந்தால் அது நேராகச் சுடர்மேல்தான் விழும். அதற்கு வேறு இடத்தில் ஆணி அடியுங்கள்.

இதைவிட முக்கியம் கொண்டி. திடீரென்று மழை வருகிறது, ஜன்னலைச் சாத்த வேண்டும். அடுப்பில் குழம்பு கொதிக்கிறது. நுனிக்காலில் நின்று, ஒரு கையை மேடையில் ஊன்றி, மறு கையைக் கொதிக்கும் பாத்திரத்துக்கு மேலே நீட்டுகிறோம். அந்த நேரத்தில் முந்தானை எங்கே இருக்கிறது என்று பாருங்கள். துப்பட்டாவும் நைட்டியின் தளர்ந்த கையும் அப்படித்தான். பாலியஸ்டர் துணியாக இருந்தால் எரிவதோடு நிற்காது, உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும். அடுப்பு எரியும்போது அதைத் தாண்டிக் கை நீட்டாமல் ஜன்னலைத் திறந்து மூட முடிகிறதா என்று இன்றைக்கே நின்று பாருங்கள். முடியவில்லை என்றால் அடுப்பு இருக்கும் இடம் தவறு. காற்றே அடிக்காத ஜன்னலாக இருந்தாலும் தவறுதான். ஜன்னல் திட்டில் உப்பு ஜாடி, எண்ணெய்ப் பாட்டில் வைப்பதும் இதே காரணத்தால் கூடாது.

சாரல் அடிக்கிறது

ஐப்பசி கார்த்திகையில் சாரல் சாய்வாக உள்ளே வரும். சூடேறிய கண்ணாடி அடுப்பின்மேல் குளிர்ந்த நீர் பட்டால் விரிசல் விடலாம், சில சமயம் மொத்தமாக நொறுங்கும். பர்னர் துருப்பிடிக்கும், துளைகள் அடைக்கும். ஜன்னலுக்கு வெளியே ஒரு சாய்வுத் தகடு போடும்படி வீட்டு உரிமையாளரிடம் கேளுங்கள். ஜன்னலைத் திறந்து வைத்தபடியே மழையைத் தடுக்க அதுதான் வழி.

நகர்த்தும் நாளில்

அடுப்பு ஆறியிருக்கட்டும், ரெகுலேட்டர் ஆஃபில் இருக்கட்டும். புது இடத்துக்கு டியூப் எட்டுகிறதா என்று பாருங்கள். ஏஜென்சியில் கிடைக்கும் ஆரஞ்சு நிறச் சுரக்ஷா டியூப் 1.2 மீட்டர் அல்லது 1.5 மீட்டர் இருக்கும். எட்டவில்லை என்றால் சிலிண்டரையும் கூடவே நகர்த்துங்கள். இரண்டு டியூபை இணைத்து நீட்டக் கூடாது. சிலிண்டரை வெளியே வைத்து டியூபை ஜன்னல் வழியாகவோ சுவர் ஓட்டை வழியாகவோ இழுக்கவும் கூடாது. எலி கடித்தாலும் தெரியாது, விளிம்பு அறுத்தாலும் தெரியாது. டியூபின்மேல் அச்சிட்டிருக்கும் தேதியைப் பாருங்கள், ஐந்து வருடம் ஆகியிருந்தால் மாற்றும் நாளும் இதுதான். டியூப் அடுப்புக்கு அடியில் சூட்டில் கிடக்காமல், மடங்காமல், கண்ணுக்குத் தெரியும்படி போக வேண்டும்.

சிலிண்டர் நிமிர்ந்தே நிற்க வேண்டும், அடுப்பு அதைவிட உயரத்தில் இருக்க வேண்டும். மேடை இல்லாத வீட்டில் தரையில் அடுப்பை வைத்துப் பக்கத்திலேயே சிலிண்டர் வைப்பதைப் பார்க்கிறேன். ஒரு கல் பலகை போட்டாவது அடுப்பை உயர்த்துங்கள்.

எல்லாம் பொருத்திய பிறகு, தீப்பெட்டியைத் தொடுவதற்கு முன், ஒரு கிண்ணத்தில் சோப்பு நுரை கரைத்து எடுத்துக்கொள்ளுங்கள். அடுப்புத் திருகுகள் மூடியபடி இருக்க, ரெகுலேட்டரை மட்டும் திறந்து, டியூபின் இரண்டு முனையிலும் ரெகுலேட்டர் வாயிலும் நுரையைத் தடவுங்கள். ஒரு நிமிடம் குனிந்து பாருங்கள். குமிழி ஊதினால் மூடிவிட்டு மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள். நுரை அப்படியே அடங்கினால், ஜன்னலை முழுக்கத் திறந்து வைத்து, சிம்மில் ஒரு டம்ளர் பால் வையுங்கள். அது பொங்கும் வரை பக்கத்திலேயே நில்லுங்கள்.